சின்னக் கொக்கி, பெரிய காவல்!

"படார்!"

காற்று அடித்தால் பல வீடுகளில் இந்தச் சத்தம் கேட்கும். ஜன்னல் கதவு சட்டத்தில் மோதுகிற சத்தம் அது.

கதவைப் பிடித்து நிறுத்த ஒரு கொக்கி இருந்தது. அது கழன்று எத்தனையோ நாள் ஆகிவிட்டது. இப்போது அங்கே ஒரு கயிறு தொங்குகிறது. கயிறும் அவிழ்ந்துவிட்டால், செங்கல்லை எடுத்து முட்டுக் கொடுக்கிறார்கள்.

"ஜன்னல்தானே! பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற எண்ணம்.

அப்படிப் பார்க்காமல் விட்ட ஜன்னல், கண்ணாடியை உடைக்கும். குழந்தையின் விரலை நசுக்கும். மழைத் தண்ணீரை வீட்டுக்குள் விடும். திருடனுக்கு வழி காட்டும். புயல் வந்தால் கூரைக்கே ஆபத்தாக முடியும்.

இவ்வளவுக்கும் காரணம் என்ன? ஒரு சிறிய கீல். அல்லது ஒரு கொக்கி. அதைப் பிடித்திருக்கும் இரண்டு திருகாணிகள்!

இவற்றை வீட்டில் உள்ளவர்களே பழுது பார்க்கலாம். ஆண்கள்தான் செய்யவேண்டும் என்பது இல்லை. பெண்களும் செய்யலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைப் பொழுது போதும்.

காற்று வரும் வழி

"ஜன்னல்" என்பது போர்ச்சுக்கீசிய மொழியில் இருந்து வந்த சொல். அவர்கள் "ஜனேலா" என்றார்கள். அது தமிழில் ஜன்னல் ஆயிற்று. "சாவி" என்ற சொல்லும் அந்த மொழியில் இருந்து வந்ததுதான்.

அதற்கு முன்பு தமிழில் பெயர் இல்லையா? இருந்தது. "சாளரம்" என்றார்கள். "காலதர்" என்றும் சொன்னார்கள். காலதர் என்ற சொல் சிலப்பதிகாரத்தில் வருகிறது. கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. காற்று வரும் வழிதான் காலதர்!

காற்று வரவேண்டும். ஆனால் நாம் விரும்பும்போது மட்டும் வரவேண்டும். அதற்கு உதவுபவை நான்கு சாமான்கள்.

கீல்: கதவைச் சட்டத்தோடு சேர்ப்பது. கதவின் பாரம் முழுவதையும் தாங்குவது.

கொக்கி: திறந்த கதவை ஆடாமல் பிடித்து நிறுத்துவது.

தாழ்ப்பாள்: மூடிய கதவைத் திறக்காமல் காப்பது.

கைப்பிடி: கதவை இழுக்க உதவுவது.

இந்த நான்கில் ஒன்று கெட்டாலும், மற்ற மூன்றும் சீக்கிரம் கெட்டுவிடும். கீல் தளர்ந்தால் கதவு இறங்கும். கதவு இறங்கினால் தாழ்ப்பாள் அதன் துளையில் விழாது. தாழ்ப்பாள் விழாவிட்டால் கைப்பிடியைப் பிடித்து ஓங்கி இழுப்பார்கள். கைப்பிடி கையோடு வந்துவிடும்!

ஆகவே, கெட்டுப்போன சாமானை மட்டும் பார்த்தால் போதாது. அது ஏன் கெட்டது என்று பார்க்கவேண்டும்.

ஏன் கெடுகிறது?

முதல் எதிரி துரு. இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் வேண்டும், காற்றும் வேண்டும். ஜன்னலில் இரண்டுக்கும் குறைவில்லை. கடற்கரை ஊர்களில் உப்பும் சேர்ந்துகொள்கிறது. சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற ஊர்களில் இரும்புக் கீல் சீக்கிரம் இற்றுப்போவது இதனால்தான்.

துருப்பிடித்த இரும்பு, பழைய அளவில் நிற்காது. பருத்துவிடும். அதனால் கீல் இறுகும். இறுகிய கீலை வேகமாகத் தள்ளினால், அது திரும்பாது. அதற்குப் பதிலாகத் திருகாணி மரத்தில் இருந்து பிடுங்கிக்கொள்ளும்.

இரண்டாவது எதிரி பெயிண்ட்! பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளை அடிப்பார்கள். ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பார்கள். கீலுக்கும் தாழ்ப்பாளுக்கும் சேர்த்து அடித்துவிடுவார்கள். வருஷா வருஷம் பெயிண்ட் ஏறி, கீலின் மூட்டு அடைத்துப்போகும்.

மூன்றாவது காரணம், கலப்பு உலோகம். பித்தளைக் கீலுக்கு இரும்புத் திருகாணி போட்டிருப்பார்கள். இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால், அங்கே ஒரு சின்ன பாட்டரி போல வேலை நடக்கும். இரும்பு கரையும். பித்தளைக் கீல் பளபளவென்று இருக்கும். அதைப் பிடித்திருக்கும் திருகாணி உள்ளுக்குள் இற்றுப்போயிருக்கும்!

தூக்கிப் பாருங்கள்!

ஜன்னல் கதவு கீழே உரசுகிறது. மூட முடியவில்லை. உடனே என்ன செய்கிறார்கள்? ஆசாரியைக் கூப்பிட்டு இழைப்புளி போடச் சொல்கிறார்கள்.

அவசரப்படக்கூடாது. முதலில் ஒரு சோதனை.

கதவைப் பாதி திறங்கள். கைப்பிடிப் பக்கத்து விளிம்பைக் கையால் பிடித்து, மெதுவாக மேலே தூக்குங்கள். கதவு ஆடுகிறதா? மேல் கீலைக் கவனியுங்கள். கீலுக்கும் மரத்துக்கும் நடுவில் சந்து தெரிகிறதா?

ஆடினால், குற்றம் மரத்தின் மேல் இல்லை. கீல் தளர்ந்து, கதவு தொங்கிவிட்டது. கீலைச் சரி செய்தால் கதவு தானே மேலே ஏறிவிடும்.

ஆடாவிட்டால், மரம் மழை ஈரத்தில் உப்பியிருக்கலாம். மரம் நீளவாக்கில் அதிகம் நீளாது. அகலவாக்கில்தான் உப்பும். ஐப்பசி, கார்த்திகையில் உப்பிய மரம், வெயில் வந்ததும் சுருங்கிவிடும். மழைக்காலத்தில் அவசரப்பட்டு இழைத்துவிட்டால், சித்திரையில் அந்த இடத்தில் சந்து விழும். சந்து வழியாகத் தூசியும் பூச்சியும் வரும். வெயில் காலத்திலும் உரசினால்தான் இழைக்கவேண்டும். இழைத்த இடத்தில் உடனே பெயிண்ட் அடிக்கவேண்டும். வெறும் மரம் ஈரத்தைக் குடிக்கும்.

பெருத்துப்போன துளை

திருகாணியைத் திருகுகிறார்கள். அது சுற்றிக்கொண்டே இருக்கிறது. இறுகவில்லை. துளை பெருத்துவிட்டது என்று அர்த்தம்.

வீடுகளில் அதிகம் காணப்படும் கோளாறு இதுதான். இதைச் சரி செய்யப் புதுக் கீல் வேண்டாம். ஒரு மூங்கில் குச்சி போதும்!

திருகாணியைக் கழற்றுங்கள். துளையில் உள்ள தூளை ஊதிவிடுங்கள். மூங்கில் குச்சியை மெல்லியதாகச் சீவிக்கொள்ளுங்கள். மருந்து நீக்கிய தீக்குச்சியும் உதவும். குச்சிகளை வெள்ளை மரப்பசையில் தோய்த்து, துளை நிறையும்வரை செருகுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிடுங்கள். ஒரு நாள் காயட்டும். பிறகு அதே திருகாணியை அதே இடத்தில் முடுக்குங்கள். அது புது மரத்தைக் கடிப்பது போலக் கடிக்கும்.

சட்டத்தின் மரம் கனமாக இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. அதே பருமனில், அரை அங்குலம் நீளமான திருகாணி போடலாம். பருமனான திருகாணியைப் போடக்கூடாது. அதன் தலை கீலின் குழியில் உட்காராது. கதவை மூடும்போது இடிக்கும்.

மரமே உளுத்துப்போயிருந்தால்? குச்சி பயன்படாது. ஆணியால் குத்திப் பாருங்கள். ஆணி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கினால், ஆசாரியைக் கூப்பிட்டு அந்த இடத்தில் புது மரம் வைத்து ஒட்டவேண்டும்.

அசையாத திருகாணி

பழைய திருகாணி லேசில் கழலாது. பலம் முழுவதையும் காட்டித் திருகினால், அதன் தலையில் உள்ள வெட்டு மழுங்கிவிடும். அப்புறம் யாராலும் கழற்ற முடியாது.

பொறுமை வேண்டும். வெட்டில் அடைந்திருக்கும் பெயிண்டைப் பழைய கத்தியால் சுரண்டுங்கள். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விடுங்கள். ஓர் இரவு அப்படியே இருக்கட்டும். மறுநாள் திருப்புளியை வெட்டில் வைத்து, அதன் பின்புறத்தைச் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். துரு விட்டுக்கொடுக்கும். முதலில் இறுக்கும் பக்கமாகக் கொஞ்சம் அசையுங்கள். பிறகு கழற்றுங்கள்.

கடிகார முள் சுற்றும் பக்கம் திருகினால் இறுகும். எதிர்ப்பக்கம் திருகினால் கழலும். வெட்டின் அகலத்துக்கு ஏற்ற திருப்புளியே வேண்டும். சிறிய திருப்புளி வழுக்கி, கையைக் குத்திவிடும்.

புதுக் கீல் மாட்டும் முறை

கீலின் நடுக் கம்பி தேய்ந்திருந்தால், அல்லது தகடு இற்றுப்போயிருந்தால், மாற்றத்தான் வேண்டும்.

கதவு முழுவதையும் கழற்றவேண்டாம். ஒரு சமயத்தில் ஒரு கீலை மட்டும் மாற்றவேண்டும். அதுதான் ரகசியம்! மற்றக் கீல் கதவை அதன் இடத்திலேயே பிடித்துக்கொண்டிருக்கும்.

முதலில் கதவின் அடியில் மரத்துண்டைச் செருகி முட்டுக் கொடுங்கள். இன்னொருவர் கதவைப் பிடித்துக்கொள்ளட்டும். பழைய கீலைக் கழற்றுங்கள். அது இருந்த பள்ளத்தைச் சுத்தம் செய்யுங்கள். பழைய துளைகளைக் குச்சி வைத்து அடையுங்கள். பசை காய்ந்த பிறகு, புதுக் கீலை வைத்துத் துளை போடும் இடத்தைப் பென்சிலால் குறியுங்கள்.

திருகாணியைவிட மெல்லிய துளை போடவேண்டும். துளை போடாமல் முடுக்கினால் மரம் பிளக்கும். திருகாணியின் மரையில் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள். சுலபமாக இறங்கும். சிலர் சோப்பைத் தேய்ப்பார்கள். சோப்பு ஈரத்தை இழுக்கும். அதனால் மெழுகே நல்லது.

பித்தளைத் திருகாணி மெதுவானது. கெட்டித் தேக்கில் முடுக்கும்போது தலை முறிந்துவிடும். அதற்கும் ஒரு வழி உண்டு. அதே அளவுள்ள எஃகுத் திருகாணியை முதலில் முடுக்கிக் கழற்றுங்கள். அது மரத்தில் வழி செய்துவிடும். பிறகு பித்தளைத் திருகாணியை முடுக்குங்கள்.

புதுக் கீலின் தகடு மெல்லியதாக இருந்தால், பள்ளத்தில் கெட்டி அட்டை ஒன்றை வெட்டி வைக்கலாம். தடிப்பாக இருந்தால், உளியால் பள்ளத்தைக் கொஞ்சம் ஆழமாக்கவேண்டும்.

கடைக்குப் போகும்போது

"மூன்று அங்குலக் கீல் ஒன்று கொடுங்கள்" என்று வாயால் சொன்னால் போதாது. பழைய கீலைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். நீளம், அகலம், துளைகள் இருக்கும் இடம் ஆகிய மூன்றும் பொருந்தவேண்டும்.

இன்னொரு பொருளும் பையில் இருக்கட்டும். ஒரு சின்னக் காந்தம்! பித்தளை காந்தத்தில் ஒட்டாது. பித்தளைப் பூச்சு பூசிய இரும்பு ஒட்டும். மேலே மஞ்சளாக இருப்பதெல்லாம் பித்தளை அல்ல.

எவர்சில்வருக்கு இந்தச் சோதனை முழுவதும் செல்லாது. எவர்சில்வரில் காந்தத்தில் ஒட்டும் வகையும் உண்டு. ஒட்டாத வகையும் உண்டு. அதில் 304, 316 என்ற எண்களைக் கேட்டு வாங்கவேண்டும். 304 சாதாரண ஊர்களுக்குப் போதும். 316 வகையில் மாலிப்டினம் என்ற உலோகம் சேர்ந்திருக்கிறது. அது உப்புக் காற்றை நன்றாகத் தாங்கும். கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது ஏற்றது.

எதை வாங்கினாலும், திருகாணியும் அதே உலோகத்தில் இருக்கட்டும்.

தாழ்ப்பாளும் கொக்கியும்

தாழ்ப்பாள் துளையில் விழவில்லை. பலர் அரத்தால் துளையைப் பெரிதாக்குவார்கள். அது தவறு. கதவு இறங்கியிருந்தால் முதலில் கீலைச் சரி செய்யவேண்டும். தாழ்ப்பாள் தானே பொருந்திவிடும்.

தாழ்ப்பாளைப் புதிதாக வாங்குவதானால், கடையில் "டவர் போல்ட்" என்று கேட்டால் கொடுப்பார்கள். கீழ்த் தளத்து ஜன்னலுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு போடுவது நல்லது. அரை அங்குலத் திருகாணியில் நிற்கும் தாழ்ப்பாளை ஒரு கம்பியால் நெம்பிவிடலாம். மரம் இடம் கொடுக்கும் அளவுக்கு நீளமான திருகாணி போடவேண்டும்.

கொக்கி விழும் வளையம் தேய்ந்திருந்தால், அதை மட்டும் மாற்றினால் போதும். கொக்கியைப் போட்ட பிறகு கதவை ஆட்டிப் பாருங்கள். கதவு ஒரு விரல் அகலத்துக்கு மேல் ஆடினால், வளையத்தைத் தள்ளி வைக்கவேண்டும். ஆட ஆடத்தான் தேய்மானம்.

கீலுக்கு எண்ணெய் விடுவதிலும் கவனம் வேண்டும். தேங்காய் எண்ணெய் கொஞ்ச நாளைக்குச் சத்தத்தை அடக்கும். பிறகு தூசியோடு சேர்ந்து பிசுபிசுக்கும். மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். வழிவதைத் துணியால் துடைத்துவிடவேண்டும்.

சறுக்கி ஓடும் ஜன்னல்

இப்போது அடுக்குமாடி வீடுகளில் அலுமினிய ஜன்னல்களைக் காண்கிறோம். இவற்றுக்குக் கீல் கிடையாது. கதவின் அடியில் சின்னச் சக்கரங்கள் இருக்கும். கீழே தண்டவாளம் போல ஒரு பள்ளம் இருக்கும்.

கதவு நகரவில்லை என்றால், முதலில் பள்ளத்தைச் சுத்தம் செய்யுங்கள். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மண்ணைக் கிளறி எடுங்கள். பள்ளத்தின் வெளிப்பக்கம் சிறிய துவாரங்கள் இருக்கும். மழைத் தண்ணீர் வெளியேறும் வழி அது. அது அடைத்துக்கொண்டால், தண்ணீர் வீட்டுக்குள் வழியும். சுவர் ஒழுகுகிறது என்று நினைத்துக் கொத்தனாரைக் கூப்பிடுவார்கள். ஒரு ஈர்க்குச்சி செய்யும் வேலை அது!

சுத்தம் செய்தும் நகராவிட்டால், சக்கரம் தேய்ந்திருக்கும். கதவை மேலே தூக்கி, அடிப்பக்கத்தை உட்புறமாக இழுத்தால் கழன்று வரும். பழைய சக்கரத்தைக் காட்டி, அதே அளவில் வாங்கவேண்டும். ஆனால் மாடி வீட்டில் தனியாக இந்த வேலையில் இறங்கக்கூடாது. கண்ணாடிக் கதவு கனமாக இருக்கும். வெளியே நழுவினால் கீழே போகிறவர் தலையில் விழும். உள்ளே நின்றபடி, இரண்டு பேர் சேர்ந்து செய்யவேண்டும். பெரிய கதவானால், தெரிந்த ஆளைக் கூப்பிடுவதே நல்லது.

குழந்தை இருக்கும் வீடா?

குழந்தைகளுக்கு ஜன்னல் என்றால் ஆசை. கட்டிலில் ஏறி எட்டிப் பார்க்கும். கம்பி இல்லாத மாடி ஜன்னலுக்குக் கீழே கட்டிலோ நாற்காலியோ போடக்கூடாது. கொசுவலை இருக்கிறதே என்று நம்பக்கூடாது. கொசுவலை கொசுவைத் தடுக்கும். குழந்தையின் பாரத்தைத் தாங்காது. ஜன்னலில் கம்பி இருந்தால், அது ஆடாமல் இருக்கிறதா என்று அசைத்துப் பாருங்கள்.

கதவின் கீல் பக்கத்துச் சந்தில் குழந்தை விரலை வைக்கும். காற்றில் கதவு மூடினால் விரல் நசுங்கும். அந்த வீட்டில் கொக்கி ஒரு நாள்கூடப் பழுதாக இருக்கக்கூடாது.

இன்னொரு எச்சரிக்கை. பழைய பெயிண்டைச் சுரண்டும்போது பறக்கும் தூளில் ஈயம் இருக்கலாம். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது என்ற விதி, இந்தியாவில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்திய பெயிண்டாக இருந்தால், வெறும் உப்புத்தாளால் தேய்க்கக்கூடாது. தண்ணீர் தெளித்து, ஈரமாகச் சுரண்டவேண்டும். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் வேறு அறைக்கு அனுப்பிவிடவேண்டும். வேலை முடிந்ததும் ஈரத் துணியால் தரையைத் துடைத்து, கை கழுவவேண்டும்.

புயல் வரும் முன்னே

2011 டிசம்பர் 30-ந் தேதி "தானே" புயல் கடலூர், புதுச்சேரிப் பகுதியைத் தாக்கியது. 2016 டிசம்பர் 12-ந் தேதி "வர்தா" புயல் சென்னை அருகே கரை கடந்தது. 2018 நவம்பர் 16-ந் தேதி "கஜா" புயல் வேதாரண்யம் பகுதியில் கரை கடந்தது. மூன்றும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வந்தவை.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், அது தள்ளும் சக்தி நான்கு மடங்காகும். சாதாரணக் காற்றில் நிற்கும் தாழ்ப்பாள், புயலில் நிற்காது.

காற்று அடிக்கும் பக்கத்து ஜன்னல் திறந்துகொண்டால் என்ன ஆகும்? காற்று வீட்டுக்குள் புகும். வெளியேற வழி தேடி, கூரையைக் கீழே இருந்து மேலே தள்ளும். அதே நேரத்தில் வெளிக் காற்று கூரையை மேலே இழுக்கும். இரண்டு சக்தியும் சேர்ந்தால், ஓடும் தகரமும் பறந்துவிடும்.

ஜன்னலைக் காப்பது ஒரு தாழ்ப்பாள். அந்தத் தாழ்ப்பாள்தான் கூரையையும் காக்கிறது!

ஆயுத பூஜைக்கு முன்பே…

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். ஆயுத பூஜைக்குச் சுத்தியலையும் திருப்புளியையும் துடைத்துப் பொட்டு வைப்பது வழக்கம். அதற்குச் சில வாரங்கள் முன்பே அந்தத் திருப்புளிக்கு வேலை கொடுக்கலாம்.

வீட்டில் எத்தனை ஜன்னல் என்று எண்ணுங்கள். ஒவ்வொரு கதவையும் தூக்கிப் பாருங்கள். கொக்கியை ஆட்டிப் பாருங்கள். தாழ்ப்பாளைப் போட்டுப் பாருங்கள். தளர்ந்த திருகாணியை அன்றைக்கே முடுக்குங்கள். மாற்றவேண்டியதை ஒரு தாளில் எழுதி, ஒரே தடவையில் கடையில் வாங்குங்கள். வாடகை வீடாக இருந்தால், சாமான்களை மாற்றும் முன்பு வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

பிள்ளைகளையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். திருப்புளி பிடிக்கக் கற்ற பிள்ளை, நாளை தன் வீட்டைத் தானே பார்த்துக்கொள்ளும்.

தளர்ந்த ஒரு திருகாணியை முடுக்க ஐந்து நிமிஷம் ஆகும். முடுக்காமல் விட்டால், கீல் போகும், கதவு போகும், கண்ணாடி போகும். அந்த ஐந்து நிமிஷத்தை மழைக்கு முன்பே கொடுத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்!